கவ்வாத்துக் காத்தான்

மருதானை, கொழும்பு
12.3.1970

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அங்கமுத்து எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். சொல்லாமல் ஓடி வந்ததற்கு அப்பா என்னென்ன சொல்லித் திட்டினார் என்று எழுத வேண்டாம். வார்த்தை பிசகாமல் எனக்கே தெரியும். அவர் பேச்சு அப்படி மனப்பாடமாக இருப்பதுதான் இனி எனக்குச் சோறு போடும் போலிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவன் இங்கே ஒரு சைவக் கடையில் மேசை துடைக்கிறேன். துடைக்காத நேரத்தில் சினிமா நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் நாடகம் எழுதினேன். மூன்றைக் கொண்டுபோய் வானொலி நிலையத்து வாசலில் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். கனகரத்தினம் என்று ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உது நீர்தான் எழுதினதோ? உங்கட தோட்டத்துப் பேச்சு இதுவரைக்கும் இஞ்ச வந்ததில்லை. ஒரு சொல்லும் மாத்தாமல் எழுதும்" என்றார்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு ரேடியோவில் ஒன்றை வாசிக்கிறார்கள். கதாநாயகன் பெயர் கவ்வாத்துக் காத்தான். அப்பாவைப் பாறூக் நானா கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. எதற்கென்று சொல்லாதே. அவரே கண்டுபிடிக்கட்டும்.

உன் தம்பி,
அங்கமுத்து


மேல் பிரிவு, மடுல்சீமை
8.4.1970

அன்புள்ள தம்பிக்கு,

பாக்கியலெட்சுமி எழுதிக்கொண்டது. நீ போன அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் லயத்து வீடுகளில் பாதிப் பேர் பாறூக் நானா கடை வாசலில்தான் நின்றோம். நானா ரேடியோவைத் தூக்கி அரிசி மூட்டை மேல் வைத்தார். தோட்டத்துத் துரை, "ஏன் லேட்?" என்று கேட்கிற இடம் வந்தது. காத்தான், "ரெயின் கம், ஐ கோ. ரெயின் கோ, ஐ கம்" என்று சொன்னதும் அப்பா துள்ளி எழுந்துவிட்டார். "டேய், இது நான் சொன்னதுடா. போன மழைக்கு நான் தொரைகிட்டச் சொன்னது" என்று ஒவ்வொருத்தர் தோளையும் பிடித்துச் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ காத்தானை அவரைப் போலவே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆளாக வைத்ததும், காத்தமுத்து என்ற அவர் பேரைக் காத்தான் ஆக்கியதும் அவருக்குப் பெருமைதான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் துரை மாதிரியும் பேசினார், தன்னை மாதிரியும் பேசினார்.

இன்னொரு விஷயம். பிரஜாவுரிமைக்கு இந்த மாதத்துக்குள் எழுதிப் போட வேண்டுமாம். இந்தியாவா இலங்கையா என்று கேட்கிறார்கள். "உங்கம்மா இங்கனதான படுத்திருக்கா. நான் எங்க போறது" என்று அப்பா இலங்கைக்கே எழுதச் சொன்னார். என்னையும் அவரோடு சேர்த்து எழுதியாயிற்று. நீ அங்கேயே தனியாகப் போட்டுக்கொள்.

எப்போது வருவாய்?

அக்கா


கொழும்பு
2.1.1972

அன்புள்ள அக்காவுக்கு,

தைப்பொங்கலுக்கு வருகிறேன் என்றேன். வர முடியாது. காத்தான் இப்போது வாராவாரம். மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கடிதம் வருகிறது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவன், "ரெயின் கம், ஐ கோ" என்று தன் கூட்டாளியிடம் சொல்கிறான். எழுதியவன் அவன் முழங்கைக்குக் கீழே நசுங்கிக்கொண்டிருக்கிறான்.

சைவக் கடையை விட்டுவிட்டேன். வானொலியில் ஒப்பந்த வேலை. வாரம் ஒன்று எழுத வேண்டும் என்பது லேசான காரியம் இல்லை, அக்கா. ஞாயிறு சிரித்தால் திங்கட்கிழமையே பயம் வந்துவிடுகிறது. அப்பாவுடைய பேச்சில் நினைவிருந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டேன். அவர் புதிதாக ஏதாவது சொன்னால் எழுதி அனுப்பு.

ஒரு டிரான்சிஸ்டர் அனுப்பியிருக்கிறேன். இனிக் கடை வாசலில் நிற்க வேண்டாம்.

அங்கமுத்து


மடுல்சீமை
19.9.1972

தம்பிக்கு,

நீ அனுப்பிய டிரான்சிஸ்டர் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. அப்பா கடை வாசலில் எல்லாரோடும் நின்றுதான் கேட்பார். இப்போது அதுவும் இல்லை.

இதை உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை அவரைக் காத்தமுத்து என்று கூப்பிடுவதில்லை. "என்ன காத்தான், இந்த வாரம் என்னத்த ஒளறப் போற?" என்கிறார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்பா முதலில் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் எழுத வந்தது அது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்த பசுமாட்டு நாடகம்.

காத்தானுடைய பசுவுக்குச் சீக்கு. மாட்டைக் கொண்டுபோக லாரி கேட்டுத் துரையின் பங்களாவுக்குப் போகிறான். "மை கவ் பினிஷ்" என்கிறான். மாடு செத்துவிட்டது என்று நினைத்துத் துரை குழி வெட்டுவதற்குத் துண்டு எழுதிக் கொடுக்கிறார். அதை லாரித் துண்டு என்று நினைத்து அவன் ஊரெல்லாம் கொண்டு திரிகிறான். கடை வாசலில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. பிரம்புக் கூடைகள் அடுக்கியிருந்த மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த முகத்தை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அம்மா செத்த அன்றைக்கு.

நம் லயத்தில் யாருக்கும் பசு செத்ததில்லை, தம்பி.

அம்மாவுக்கு லாரி கேட்க அப்பாவோடு பங்களாவுக்குப் போனது நீ. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. துரை லாரி தரவில்லை என்று அப்பா சொன்னார். பதினோரு வருஷமாக நானும் அந்தத் துரையைச் சபித்துக்கொண்டிருக்கிறேன். அவர் இங்கிலாந்துக்குப் போன பிறகும் சபித்தேன்.

என்ன நடந்தது என்று எழுது. விளையாட்டுப் பேச்சு வேண்டாம்.

பாக்கியலெட்சுமி


கொழும்பு
7.10.1972

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அம்மாவை நீ மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்பாவும் பங்களாவுக்கு ஓடினோம். துரை காரில் ஏறப் போகிற நேரம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. எப்போதும் பக்கத்தில் நின்று இங்கிலீசில் எடுத்துச் சொல்கிற கிளாக்கர் அன்று இல்லை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "மை வைப் பினிஷ், சார். மை வைப் பினிஷ்" என்றார். முடியாமல் கிடக்கிறாள் என்று சொன்னார், அக்கா. துரை தொப்பியைக் கழற்றினார். அப்பாவின் தோளில் கைவைத்தார். ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் பதுளைக்குப் போய்விட்டார்.

துண்டை வாங்கிக்கொண்டு லாரி டிரைவரிடம் ஓடினோம். அவர் வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "இது ஸ்டோருக்கு எழுதினதுங்க. நாலு பலகையும் ஆணியும் குடுக்கச் சொல்லி" என்றார். துரை கையெழுத்து இல்லாமல் லாரியை எடுக்க அவருக்குப் பயம். அதற்குப் பிறகுதான் நாங்கள் வந்து அம்மாவைப் படங்குச் சாக்கில் வைத்துத் தூக்கினோம். டிஸ்பென்சரிக்கு முந்தின வளைவு வரைக்கும்தான் தூக்க முடிந்தது. அது உனக்குத் தெரியும்.

அன்றிரவு அப்பா என்னிடம், "தொரை லாரி தரலன்னு சொல்லுடா" என்றார். சொன்னேன்.

இதை ஏன் எழுதினாய் என்று கேட்பாய். மனைவியைப் பசுவாக மாற்றினேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த வாரம் எழுத வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மை. எழுதும்போது அழுதேன் என்பதும் உண்மை. படித்துப் பார்த்து நடிகர்கள் சிரித்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அது யார் தலையில் இறங்கும் என்று நான் யோசிக்கவில்லை.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்ததும் வருகிறேன்.

அங்கமுத்து


மடுல்சீமை
3.3.1974

தம்பிக்கு,

ஒன்றரை வருஷமாகியும் உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நான் கோபத்தில் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். ஊமையாகிவிட்டார் என்று நினைக்காதே. "தண்ணி", "வேணாம்", "போறேன்", இந்த மூன்றும் சொல்வார். தோட்டத்துக்கே வாயாக இருந்த மனுசன். கொஸ்லந்தையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "இவருதானா அந்தக் காத்தான்? ஏதாச்சும் பேசுங்க, கேப்போம்" என்றார். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர்கள் டீத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. நான் அதற்காக அழவில்லை.

போன மாதம் பிரஜாவுரிமை விசாரணைக்குப் பதுளைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவிடம் பிறந்த பத்திரம் இல்லை. இந்த மலையில்தான் பிறந்தார், தாத்தா எந்தக் காட்டை வெட்டினார், எந்தத் துரை காலத்தில் பேர் பதிந்தார், எல்லாவற்றையும் அவர்தான் வாயால் சொல்ல வேண்டும். குடும்பத் தலைவர்தான் சொல்ல வேண்டுமாம், நான் சொல்லக் கூடாதாம். அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்கிறவர் தமிழில் கேட்டார். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி கேட்டார்கள். "சொல்லுங்கப்பா" என்று நான் காலைச் சுரண்டினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், ஏன்ப்பா இப்படிச் செஞ்சீங்க என்று. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார். "எதையாச்சும் மாத்திச் சொல்லிட்டேன்னா, ஆயி? நான் சொன்னா வேற மாதிரி ஆயிருது."

நேற்றுக் கடிதம் வந்தது. எங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இனி இந்தியாவுக்குத்தான் எழுத வேண்டும்.

இந்த வருஷம் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தோட்டத்தில் ஆட்கள் பட்டினியில் வீங்கிச் சாகிறார்கள். நீ சிரிக்க வைக்கிறாய் என்று பாறூக் நானா சொன்னார். நான் கேட்பதில்லை.

பாக்கியலெட்சுமி


கொழும்பு
30.3.1974

அக்கா,

உன் கடிதத்தைக் கனகரத்தினம் ஐயாவிடம் காட்டினேன். மேன்முறையீடு எழுதித் தந்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவின் கைநாட்டை வைத்து அனுப்பு.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. என் விண்ணப்பம் சரியாகிவிட்டது. அதிகாரி என் பெயரைப் பார்த்துவிட்டு, "வானொலியில் எழுதுகிறவரா?" என்று கேட்டார். காத்தான் மாதிரி இரண்டு வரி பேசிக் காட்டச் சொன்னார். பேசினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் இந்த நாட்டுப் பிரஜை. இதை உனக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அங்கமுத்து


கொழும்பு
14.8.1982

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வருஷம். அந்த மேன்முறையீடு திரும்பி வந்தது என்று பாறூக் நானா எழுதித்தான் தெரியும். நீ எழுதவில்லை. எழுதாதது நியாயம்தான்.

இப்போது நான் தொலைக்காட்சியில் தயாரிப்பாளர். மேசை துடைத்தவனுக்கு ஒரு மேசையும், சுற்றுகிற நாற்காலியும். முதல் வேலையாகக் காத்தானைப் படத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன். எழுதினேன். ஒத்திகையும் முடிந்தது.

படம் பிடிக்கிற நாள். நடிகர் ஒப்பனை முடிந்து வந்து வெளிச்சத்தில் நின்றார். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் துண்டு, கையில் கவ்வாத்துக் கத்தி. வானொலியில் எழுதிய காலமெல்லாம் அது வெறும் குரல், அக்கா. குரலுக்கு முகம் இல்லை. அன்றுதான் பார்த்தேன், நான் யாரை இத்தனை வருஷம் பெரட்டில் நிற்க வைத்தேன் என்று. "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டார்கள். விளக்கை அணைக்கச் சொன்னேன்.

மேலதிகாரி கத்தினார். காத்தானுக்குப் பதிலாகக் கொழும்புக் கந்தோர் ஒன்றில் கணக்கெழுதுகிற கிளாக்கரை வைத்து எழுதிக் கொடுத்தேன். நான்கு வாரம் போனது. யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாம் வாரம் நிறுத்திவிட்டார்கள். இப்போது எனக்குச் சமையல் நிகழ்ச்சி. கத்தரிக்காய் வதங்குவதை மூன்று பக்கத்திலிருந்து படம் பிடிக்கிறேன். கத்தரிக்காய் கோபித்துக்கொள்வதில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? ஒரு வரி எழுது.

அங்கமுத்து


மடுல்சீமை
20.5.1983

தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விளக்கை அணைக்கச் சொன்ன இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி அந்த இடத்தையே வாசிக்கச் சொல்லிக் கை காட்டினார். 

எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து மூன்று வருஷமாகிறது. ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப் போட்டேன். இப்போது வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. ஐப்பசி மாதம் கப்பல். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற லெட்சுமி குடும்பமும் எங்களோடுதான் வருகிறது. அம்மாவைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் புல் செதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போ. பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அக்கா


அகதி முகாம், கொழும்பு
11.8.1983

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முன்பும் இப்படித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அப்போது இந்தச் சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இல்லை.

நான் இருந்த வீட்டை ஆடி மாதம் நடந்த கலவரத்தில் தமிழன் வீடென்று கொளுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று என்னை இரண்டு நாள் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தது. பதின்மூன்று வருஷத்து எழுத்தும் போய்விட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்புவாயா? எரிகிறது என்று தெரிந்தபோது முதலில் நினைவு வந்தது அந்தப் பசுமாட்டு நாடகம்தான். ஒழியட்டும் என்றிருந்தது.

பதுளையும் எரிந்தது என்கிறார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நேற்றுத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஆள் வந்தார். எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்ட வேண்டுமாம், சனங்கள் சிரிக்க வேண்டுமாம். "காத்தானை எழுதித் தாருங்கள்" என்றார். நான் உடுத்தியிருந்தது யாரோ தானமாகக் கொடுத்த கால்சட்டை. வேலையை விட்டுவிட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதில் மிகச் சின்னது அதுதான்.

கப்பல் திகதி தெரிந்தால் எழுது. பதுளை ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். இந்த முறை வருவேன்.

அங்கமுத்து


மண்டபம் முகாம்
9.11.1983

அன்புள்ள தம்பிக்கு,

பாறூக் நானா கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். நீ அங்கே தங்கி, இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கிறாய் என்று நானா எழுதியிருந்தார். அது நல்ல காரியம்.

பத்திரமாக வந்து சேர்ந்தோம். எங்கே அனுப்புவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. கோத்தகிரி என்கிறார்கள் சிலர். அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல்.

ஸ்டேஷனில் நடந்ததை நினைத்து நீ மனதைப் போட்டு வதைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அத்தனை சனத்துக்கு நடுவில் நீ கீழே உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்தாய். "என்னைய மன்னிச்சிருங்கப்பா" என்றாய். அவர் உன்னைப் பார்க்காமல் புறப்பட நின்ற கோச்சி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசில் ஊதியது, ஏறிவிட்டார். மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நீ பிளாட்பாரத்தில் நின்றாய். உன் முகம் அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. கோச்சியில் எல்லாரும் அழுதுகொண்டே வந்தார்கள். எல்ல ஸ்டேஷன் தாண்டியதும் அப்பா, "அந்தப் பய இளைச்சுட்டான்" என்றார்.  பிறகு, "சட்டை அவனோடது இல்ல போல, தோள்ல நிக்கல" என்றார். லெட்சுமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாங்கள் அசையாமல் இருந்தோம், அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று.

அனுராதபுரத்தில் ஒரு பெரியவர் ஏறினார். அவரும் கப்பலுக்கு. ஊர், பேர் விசாரித்தார். "வீட்டுல வரலீங்களா?" என்று கேட்டார்.

அப்பா அந்த ஆளுக்கு நேரே திரும்பி உட்கார்ந்தார். "அவ போயி இருவத்திரெண்டு வருசம் ஆச்சுங்க. முடியாமக் கெடந்தா. நான் பங்களாவுக்கு ஓடிப் போயி, லாரி வேணும், பொம்பளைய ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்னு தொரைகிட்ட நல்லா வெளக்கமாச் சொன்னேங்க. அந்தாளு தரல. அதான் போயிட்டா" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெரியவரும் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. தரல" என்றேன்.

அப்பாவுக்கு மூச்சு சீராக வந்தது. அதற்குப் பிறகு தலைமன்னார் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். கப்பலிலும் பேசினார். இங்கே வந்தும் யார் வந்து உட்கார்ந்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் துரை இன்னும் கொஞ்சம் கெட்டவராகிறார், அப்பா இன்னும் கொஞ்சம் நல்ல இங்கிலீசு பேசுகிறார். யாரும் சிரிப்பதில்லை. பெண்பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள்.

நேற்று ஒருவர், "பங்களாவுக்குத் தனியாவா போனீங்க?" என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். "எம் மகன் பக்கத்துல நின்னான். அவனைக் கேட்டுப் பாருங்க" என்றார்.

உன்னிடம் யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது என்ன என்று உனக்குத் தெரியும். எனக்கும் அப்படியே ஒரு கடிதம் எழுது. அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அக்கா
பாக்கியலெட்சுமி